தலைப்பாகையும் தன்மானமும்

‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்பது நம் பழமொழி. பேரிடர் ஒன்று சிறு இழப்போடு நீங்கிவிட்டது என்னும் ஆறுதல் அதில் இருக்கிறது. தலை பெரிது, தலைப்பாகை சிறிது, போனது துணிதானே என்று மனம் தேறுகிறோம். பல்லாண்டுகள் இப்பழமொழிக்குப் பொருள் சொல்லி மாணவர்க்குக் கற்பித்தவன் நான். இன்று அதனை மறுத்துப் பேச முற்படுகின்றேன். இந்நாட்டுத் தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழனைப் பொறுத்தவரை, தலைப்பாகைக்கு வந்தது தலைப்பாகையோடு போகவில்லை. அது தலைக்குள்ளே புகுந்தது, கழுத்தை வளைத்தது, இன்று ‘அழகு’ என்னும் வேடம் பூண்டு நம் வகுப்பறைகளில் உலவுகின்றது.

அந்த வேடத்தின் சொற்கள் எளியவை. ‘தொப்பியோ தலைப்பாகையோ எல்லார்க்கும் பொருந்தாது, நல்ல நிறமும் எடுப்பான மூக்கும் அகன்ற நெற்றியும் வாய்த்த முகத்துக்கே அது அழகு, ஏனையோர் அணிந்தால் நகைப்புக்கு இடமாகும்’ என்பர். அழகுக் குறிப்பு எழுதுவோர் ஒருபடி மேலே சென்று, வட்ட முகத்துக்கு இன்ன விளிம்பு, நீண்ட முகத்துக்கு இன்ன உயரம் என்று அளவும் வகுத்துக் கொடுப்பர். கடைக்காரர் சொன்னால் அது அவர் வாணிகம் என்று விட்டுவிடலாம். ஆசிரியர் சொல்லலாமா?

சொன்னார்கள். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறரைக் குறை கூறுமுன் என் குற்றத்தை முதலில் சொல்லிவிடுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் பாரதி விழா நடைபெற்றது. பாரதியாக நடிக்க ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தேர்ந்தெடுக்கப்பட்டான். பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரின் பேரன், கருநிறத்தவன், ஒல்லியான உடல். ஆயினும் அவன் வாய் திறந்தால் கூடம் அடங்கும். இரண்டு வாரம் ஒத்திகை நடந்தது. விழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில், அவனை நீக்கிவிட்டு வேறொரு சிறுவனை நிறுத்தியிருந்தார்கள். காரணம் கேட்டேன். “அவன் நிறத்துக்கு வெள்ளைத் தலைப்பாகை எடுபடவில்லை ஐயா, மேடையில் பார்க்க நன்றாக இராது” என்று பதில் வந்தது. அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, விருந்தினர் வருகின்றார்கள், இச்சிறு செய்திக்கு ஏன் சச்சரவு என்று நான் வாளாவிருந்துவிட்டேன். விழாவன்று மேடையில் நின்றவன் வரிகளை மறந்தான். திரைக்குப் பின்னிருந்து அவற்றை எடுத்துக் கொடுத்தவன், நீக்கப்பட்ட அச்சிறுவனே.

மறு ஆண்டு அவனை அழைத்து, “இம்முறை நீயே பாரதி” என்றேன். அவன் தலை நிமிரவில்லை. “வேண்டாம் ஐயா. எனக்குத் தலைப்பாகை நன்றாக இருக்காது” என்றான்.

பதினோரு வயதுச் சிறுவனுக்கு இதனைக் கற்பித்தவர் யார்? நாம்தாம். பாடத்திட்டத்தில் இல்லாத இப்பாடத்தை அவன் பிழையின்றி ஒப்புவித்தான்.

பாரதியின் நிழற்படத்தை எடுத்து நோக்குங்கள். மெலிந்த முகம்; ஒட்டிய கன்னம்; வறுமையின் கீறல்கள். 1921ஆம் ஆண்டு மறைந்தபோது அவருக்கு நாற்பது வயதும் நிறையவில்லை. அழகுக் குறிப்பு எழுதுவோரின் அளவுகோலை அம்முகத்தில் வைத்தால் எத்தனை மதிப்பெண் கிடைக்கும்? ஆயினும், நம் பள்ளிகளில் படிக்கும் ஏழு வயதுக் குழந்தை ஒரு முண்டாசும் ஒரு மீசையும் வரைந்து காட்டினால் போதும்; ‘பாரதி’ என்று அடுத்த குழந்தை சொல்லிவிடும். அந்த முண்டாசு அழகிய முகத்தைத் தேடிப் போய் அமர்ந்ததன்று. வளையாத கழுத்தின்மேல் அமர்ந்தது. அதனால் அழகு பெற்றது.

இது புதுக்கருத்து அன்று. நம் முன்னோர் கண்டதே. தமிழ் மூவேந்தரும் சூடிய பூக்கள் யாவை? சேரனுக்குப் பனை, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. வேப்பம்பூவைவிட எளிய பூ உண்டா? கண்ணைக் கவரும் நிறமும் அதற்கில்லை. போருக்குச் சென்ற மறவர் தலையில் சூடிய பூக்களைக் கொண்டே வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை எனப் புறத்திணைகளுக்குப் பெயரிட்டனர் நம் இலக்கண ஆசிரியர். தலையில் இருப்பதைக் கொண்டு மாந்தனின் துணிவை அறிந்த இனம் நம் இனம். தும்பைப் பூ வழியோரம் முளைக்கும் சிறு செடியின் பூ. அதனைச் சூடியவனைப் பார்த்து, ‘உன் முகவெட்டுக்கு இது பொருந்தாது’ என்று எந்தப் புலவரும் பாடிவைக்கவில்லை.

இன்னும் அண்மையான சான்று ஒன்று நம் வீட்டுச் சுவரிலேயே தொங்குகின்றது. பட்டமளிப்பு விழாவில் அணியும் தொப்பியைச் சொல்லுகின்றேன். சதுரப் பலகை ஒன்றைத் தலைமேல் வைத்துக் குஞ்சம் ஒன்றைத் தொங்கவிட்டாற்போன்ற அதனைவிட விந்தையான தொப்பி உலகில் அரிது. எந்த முகத்துக்கும் பொருந்துமாறு அது தைக்கப்பட்டதன்று. ஆயினும், தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்களில், வரவேற்பறைச் சுவரில் அத்தொப்பி அணிந்த மகனின் அல்லது மகளின் படம் மாட்டப்பட்டிருக்கின்றது. கறுத்த முகம், சிவந்த முகம், நீண்ட முகம், உருண்ட முகம் எல்லாவற்றுக்கும் அது பொருந்தியிருக்கின்றது. ‘நம் பிள்ளைக்கு இது எடுபடுமா?’ என்று எந்தத் தாயாவது கேட்டதுண்டா? அந்தத் தொப்பியை அணியத் தன் பிள்ளைக்கு உரிமை உண்டு என்பதை அத்தாய் ஐயமின்றி அறிந்திருக்கின்றாள். உரிமையில் ஐயம் இல்லாதபோது அழகில் ஐயம் எழுவதில்லை. நான் நிறுவ விரும்புவது இவ்வொன்றே.

‘எம்.ஜி.ஆர். அணிந்த வெண்ணிறத் தொப்பியைப் பாரும். அழகிய முகம் என்பதனால்தானே அது எடுபட்டது?’ என்று சிலர் வினவக்கூடும். நன்று. அவர் முகம் அழகியதே, நான் மறுக்கவில்லை. ஆனால் திரையில் அவர் அழகுக்குப் புகழ்பெற்ற காலத்தில் அத்தொப்பி அவர் தலையில் இல்லை. வயது ஏறியபின், எழுபதுகளில், அரசியல் மேடைகளில் அது நிலையாக அமர்ந்தது. 1987இல் அவர் மறைந்தபோது அதனோடுதான் அடக்கம் செய்யப்பட்டார். முதுமையையும் நோயையும் கண்ட முகத்தோடும் அது பொருந்தியே இருந்தது. மக்கள் பார்த்தது அவர் மூக்கின் அளவையன்று. அவர் தம்மை நடத்திக்கொண்ட முறையை.

அங்ஙனமாயின், நம் பிள்ளைகளின் தலைகளுக்கு மட்டும் இக்கூச்சம் எங்கிருந்து வந்தது? வரலாற்றில்தான் விடை தேடவேண்டும்.

தலையில் அணிவதைப் பற்றி ஆள்வோர் ஆணையிட்டதும் அதன் விளைவும் தமிழ் மண்ணில் 1806ஆம் ஆண்டு குருதியால் எழுதப்பட்டன. சென்னைப் படையின் தோற்றம் சீராக இருக்கவேண்டும் என்று கூறி, ஆங்கில அதிகாரிகள் சிப்பாய்களுக்குப் புதுவகைத் தலைப்பாகை ஒன்றை வகுத்தனர். ஐரோப்பியரின் தொப்பியை ஒத்த அதில் தோலாலான குஞ்சமும் இருந்தது. நெற்றிக் குறியும் காதணியும் அணிவகுப்பில் கூடாவென்றனர். மறுத்தவருள் இருவருக்குத் தலைக்குத் தொள்ளாயிரம் கசையடி விதிக்கப்பட்டது. 1806 சூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். ஆர்க்காட்டிலிருந்து விரைந்த படை அன்றே அதனை அடக்கியது, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். கிளர்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு என்பது உண்மை. திப்புவின் மைந்தர்கள் அக்கோட்டையில்தான் வைக்கப்பட்டிருந்தனர். எனினும் தீயை மூட்டியது தலைப்பாகையே என்பதை ஆங்கிலேயரும் உணர்ந்தனர். ஆணையைத் திரும்பப் பெற்றனர். ‘தோற்றம் சீராக இருக்கவேண்டும்’ என்பதுதானே அங்கும் சொல்லப்பட்ட காரணம்? அழகின் பெயரால் பிறர் தலையில் கைவைப்பது அன்று முதலே இருந்துவருகின்றது.

அடுத்து, தோட்டத் துரைமார் அணிந்த வெள்ளைத் தொப்பியைப் பற்றி ஒரு சொல். வெயில் வெள்ளையரின் மூளையைத் தாக்கிவிடும் என்னும் அச்சத்தால் அதனை அணிந்தனர். இரண்டாம் உலகப்போரில் அவர்தம் படைவீரர் அதனைக் கழற்றி எறிந்துவிட்டு வெப்ப நாடுகளில் போரிட்டனர். மூளைக்கு எதுவும் நேரவில்லை. அத்தொப்பி எதனால் செய்யப்பட்டது தெரியுமா? நீர்நிலைகளில் வளரும் நெட்டி என்னும் செடியின் தண்டினால். தஞ்சாவூரில் அதே நெட்டியைச் சீவிப் பெரிய கோயிலின் உருவம் செய்கின்றார்கள். 2020ஆம் ஆண்டு அக்கைவினைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் குளத்து நெட்டி வெள்ளைத் தலையில் ஏறியபோது அதிகாரமாயிற்று. நம் தறியில் நெய்த துண்டு நம் தலையில் இருந்தபோது அடக்கமின்மையாயிற்று. பொருளில் வேறுபாடில்லை, தலைகளில்தான் வேறுபாடு கற்பிக்கப்பட்டது.

நம் பேராக் மாநிலத்திலேயே ஓர் ஒப்பீடு உண்டு. தைப்பிங் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு, பேராக் சீக்கியர் படையை ஆங்கில ஆட்சி வளர்த்தது. 1896இல் அது மலாய் நாடுகளின் காவற்படையாக விரிந்தது. அப்படை வீரனின் தலைப்பாகையை ஆங்கில அதிகாரி மதித்தான். சீருடையின் பகுதியாகவே ஏற்றான். அதே ஆட்சியில், சில கல் தொலைவிலிருந்த தோட்டத்தில் தமிழன் தன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்து நின்றான். சீக்கியர் முகம் அழகு, தமிழர் முகம் அழகன்று என்பதா காரணம்? அவன் தோளில் துப்பாக்கி இருந்தது. இவன் தோளில் பால்வாளி இருந்தது. சீக்கியரோ, துப்பாக்கி இருப்பினும் இல்லாவிடினும், தம் தலைப்பாகையை யார் முன்னும் அவிழ்ப்பதில்லை என்று தம் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். நாம் அவிழ்க்கக் கற்பித்தோம்.

1941ஆம் ஆண்டு சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு அவர்தம் முதன்மைக் கோரிக்கை. அதனோடு இன்னொன்றும் இருந்தது: துரையைக் கண்டால் மிதிவண்டியைவிட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்பது. படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. கூலியோடு மானத்தையும் சேர்த்துக் கேட்டவர்கள் அவர்கள். எழுத்தறிவு குறைந்த அத்தொழிலாளர்க்குத் தெரிந்திருந்தது, படித்த நமக்கு மறந்துவிட்டது.

நான் சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன். என் தந்தையார் பால் வெட்டினார். விடியுமுன் தலைத்துண்டின்மேல் விளக்குப் பட்டையைக் கட்டிக்கொண்டு புறப்படுவார். பட்டையின் தடம் அவர் நெற்றியில் நிலையாகவே பதிந்திருந்தது. எழுபதுகளின் இறுதி அது. நாடு விடுதலை பெற்று இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. வெள்ளைத் துரையும் போய்விட்டார். ஆயினும், நிருவாகியின் வண்டி ஒலி கேட்டதும் என் தந்தையாரின் கை தானே தலைக்குப் போகும். துண்டு அவிழும், அக்குளில் ஒடுங்கும். ஒருநாள், “வெயிலாக இருக்கிறதே, ஏன் அவிழ்த்தீர்கள்?” என்று கேட்டேன். “தொர முன்னால நமக்கு என்னடா வெயிலு?” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அச்சிரிப்பின் பொருள் விளங்க எனக்கு முப்பது ஆண்டுகள் ஆயின.

பழியை முழுவதும் துரைமேல் சுமத்திவிட்டுத் தப்பிக்கொள்ளவும் இயலாது. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கும் பழக்கத்தை நம் முன்னோர் கப்பலில் கொண்டுவந்தார்கள். ஊரிலிருந்த நிலக்கிழாரிடமும் சாதி ஆணவத்திடமும் கற்றது அது. நாகசுரக் கலைஞர் தோளில் துண்டு அணிவதையும் பொறுக்காத செல்வர் தமிழகத்தில் இருந்தனர். தன்மான இயக்கத்தார் அதனை எதிர்த்து நின்றனர். அவ்வியக்கத்தின் தலைவர் பெரியார், 1929 திசம்பரில் இதே ஈப்போவில் தமிழர் மாநாட்டைத் தொடங்கிவைத்தார். தோட்டத்தில் துரைக்கு முன் துண்டை அவிழ்த்தவன், கங்காணிக்கு முன்னும் அவிழ்த்தான். கோயிலில் பரிவட்டம் யாருக்கு என்பதில் அவன் பெயர் எழவில்லை. பிறர் பறித்தது பாதி. நாம் பறித்துக்கொண்டது மீதி.

இனி, ‘நம்பிக்கையோடு அணிந்தால் எதுவும் அழகே’ என்று எளிதாகச் சொல்லுவோர்க்கு ஒரு மறுமொழி. அவர்கள் கூற்றில் உண்மை உண்டு; பாதி உண்மை. நம்பிக்கை கடையில் தொப்பியோடு சேர்த்து விற்கப்படுவதன்று. கண்ணாடி முன் நின்று நெஞ்சை நிமிர்த்துவதால் மட்டும் வந்துவிடுவதும் அன்று. பறிக்கப்பட்ட நம்பிக்கையை ஒருவர் திருப்பித் தரவேண்டும். இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த சான்று தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்தது.

1894ஆம் ஆண்டு, டர்பன் நகரில் இளம் வழக்கறிஞராக இருந்த காந்தியடிகளின் அலுவலகத்துக்குப் பாலசுந்தரம் என்னும் தமிழர் வந்தார். ஒப்பந்தக் கூலி. முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் குருதி வழிய, கிழிந்த உடையோடு நடுங்கிக்கொண்டு நின்றார். அந்நிலையிலும் அவர் தலைத்துண்டு தலையில் இல்லை, கையில் இருந்தது. வெள்ளையரைக் காணச் செல்லும் கூலி, தலையில் எது இருப்பினும் கழற்றிவிடவேண்டும் என்பது அங்கிருந்த கட்டாயம். அப்பழக்கத்தால் காந்தியடிகள் முன்னும் அவர் கழற்றி நின்றார். அதற்கு முந்திய ஆண்டு அதே நகரின் நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னபோது மறுத்து வெளியேறியவர் காந்தியடிகள். பாலசுந்தரத்தின் கையிலிருந்த துண்டைக் கண்டு அவர் நாணினார். அதனைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். பாலசுந்தரம் தயங்கினார், பின்னர்க் கட்டிக்கொண்டார். அப்போது அவர் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது என்று ‘சத்திய சோதனை’யில் காந்தியடிகள் பதிவு செய்திருக்கின்றார்.

பல் உடைந்த முகம். குருதி காயாத வாய். அம்முகத்தில் அத்துண்டு அழகாக இருந்ததா இல்லையா? ஆசிரியப் பெருமக்களே, நீங்களே விடை சொல்லுங்கள். பின்னர் மருத்துவமும் வழக்கும் நடந்தன. பாலசுந்தரம் வேறொரு முதலாளியிடம் மாற்றப்பட்டார். ஆனால் முதல் மருத்துவம், ‘கட்டிக்கொள்’ என்ற அச்சொல்லே. அதனைச் சொல்ல ஒருவர் இருந்தார். என் பள்ளியில் அச்சிறுவனுக்குச் சொல்ல யாரும் இல்லை. சொல்லவேண்டியவன் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

‘இவையெல்லாம் பழங்கதை, தோட்டங்கள் துண்டாடப்பட்டுச் செம்பனைக் காடாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன, இப்போது யார் தலைத்துண்டை அவிழ்க்கச் சொல்லுகின்றார்கள்?’ என்று கேட்பீர்கள். எவரும் சொல்லுவதில்லை, உண்மைதான். சொல்லாமலே அவிழ்க்கப் பழகிவிட்டோம் என்பதே என் வழக்கு. பள்ளி விழா நாடகங்களைப் பாருங்கள். அரசனுக்கு அட்டை மகுடம். அவனுக்குச் சிவந்த முகம் தேடுகின்றோம். தலையில் துண்டு கட்டிய தோட்டத் தொழிலாளி வந்தால் அவன் கோமாளி. அவனுக்குக் கறுத்த முகம் தேடுகின்றோம். பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டனும் பாட்டியும் தம் தலைத்துண்டு நகைப்புக்கு உள்ளாவதைக் கண்டு, பேரப்பிள்ளை மேடையேறிய மகிழ்ச்சியில் தாமும் சிரிக்கின்றார்கள். என் தந்தையார் சிரித்த அதே சிரிப்பு அது.

ஆகவே, ஆசிரியர்களிடம் நான் வேண்டுவன சில. பாத்திரத்துக்குப் பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும்போது கண்ணை மூடிக் குரலைக் கேளுங்கள். உழைப்பாளியின் தலைத்துண்டை நகைச்சுவைக்குப் பயன்படுத்தாதீர்கள். புறத்திணை கற்பிக்கும்போது பூவின் பெயரோடு நின்றுவிடாமல், எளிய பூவைச் சூடி நிமிர்ந்து நின்றவர்களைப் பற்றியும் சொல்லுங்கள். சும்மாடு, முக்காடு, முண்டாசு, உருமால், பரிவட்டம் என்னும் சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்விக்காதீர்கள்; எவர் தலையில் எது இருந்தது, எவர் முன் எது அவிழ்ந்தது என்று பிள்ளைகள் தத்தம் வீட்டுப் பெரியோரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். விளையாட்டுப் போட்டியின் அணிவகுப்பில் தொப்பி அணியக் கூசும் பெண்பிள்ளையிடம், ‘உனக்கு நன்றாகத்தான் இருக்கிறது’ என்று பொய்யாகப் புகழாதீர்கள், ‘இது உன் அணியின் தொப்பி, அணிந்துகொள்’ என்று சொல்லுங்கள்.

மாணவர்களிடம் வேண்டுவது ஒன்றே. வீட்டில் பாட்டனாரின் பழைய துண்டு ஏதேனும் கிடைத்தால், அதனைத் தலையில் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். மூக்கையும் நிறத்தையும் பாராதீர்கள், கழுத்தைப் பாருங்கள். அது நேராக இருந்தால் போதும்.

அன்று மறுத்த அச்சிறுவன் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கின்றான். தெருவில் கண்டால் இன்றும் எனக்கு வணக்கம் சொல்லுகின்றான். அவனிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இக்கட்டுரை அச்சேறியதும் முதற்படியை அவனிடம் கொண்டு செல்வேன். அவன் என்ன சொல்லுவான் என்று அறியேன். தலைப்பாகைக்கு வந்தது அவன் தலையோடு நின்றுவிடக்கூடாது, அவன் பிள்ளைக்கும் போகக்கூடாது என்பதே என் கவலை.